கிளட்சில் வைத்த கால்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஆளுக்குப் பாதிதான் தெரியும். காலால் செய்கிறதெல்லாம் அவர், இடக்கையால் செய்கிறதெல்லாம் நான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாங்கள் அப்படித்தான் பிள்ளையார்பாளையத்திலிருந்து செவிலிமேடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனோம்.

எங்களுக்கு ஒரே மகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை செய்த பையனையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையும் கழுத்துமாக போட்டோதான் போனில் வந்தது. பையன் தங்கமான பையன், அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். சாமி மாடத்தில் கற்பூரத்தை ஏற்றினார். ஏற்றிய கையோடு உள்ளங்கையால் ஒரே அடி அடித்து அணைத்தார்.

“என் காலு அவ வூட்டு வாசப்படியில படாது. ஏகாம்பரநாதர் மேல சத்தியம்.”

கை கொப்பளித்துப்போய், ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைப் பிடிக்க முடியாமல் தறி சும்மா கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் பக்கத்து ஆள் கோர்ட்டில் ஏறி நின்றுகொண்டு தாராளமாகப் பொய் சொல்வான், ஆனால் கற்பூரம் அணைத்துச் சொன்ன சொல்லை மாற்றமாட்டான். அப்படி மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெற்ற பெண்ணைப் பார்க்காமல் இருக்கிற அளவுக்கு எனக்குச் சாமி பயம் கிடையாது. நான் சத்தியமும் பண்ணவில்லை. அதனால் டவுன் பஸ் ஏறி செவிலிமேடு போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

எங்கே போய்விட்டு வந்தாய் என்று இவர் கேட்கமாட்டார். “பஸ்ஸு கூட்டமா?” என்பார். கூட்டம் என்று நான் சொன்னால் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உட்கார இடம் கிடைத்தது என்றால் நன்றாக இருக்கிறாள். இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, தானாகவே வந்துவிட்டது. ஒரு நாள் வந்தவுடன் சொன்னேன்: “பஸ்ஸு மாசமா இருக்குது.” இவர் தறியிலிருந்து எழுந்து கொல்லைப்பக்கம் போய், முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கழுவின முகத்திலும் ஈரம் வந்துகொண்டே இருந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் வளையல் அடுக்குவார்கள். அடுக்கின கையோடு அப்பனும் அம்மாவும் போய் அழைத்துக்கொண்டு வர வேண்டும். சம்பந்தி அம்மா நாள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மகளும் போனில் அவள் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

“நீ மட்டும் வந்தா நான் வரமாட்டேம்மா. அப்பா வரணும். வந்து, வாம்மான்னு வாயால கூப்பிடணும். இல்லனா நான் இங்கயே பெத்துக்கறேன். நீ பஸ்ல வந்து பாத்துக்கினு போ.”

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது. அவள் சொன்னால் சொன்னதுதான். கற்பூரம்கூடத் தேவையில்லை. இவர் போய்க் கூப்பிடவில்லை என்றால் அவள் இனி எங்கள் வீட்டுக்கு வரவே மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? நாலு நாள் சாப்பாட்டில் உப்புப் போடாமல் சமைத்தேன். அந்த மனுஷன் உப்பில்லாமலே சாப்பிட்டார்.

எங்களுடையது கோர்வைத் தறி. புடவைக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற தறி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். இவர் நடுவில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பார். நான் இவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவேன். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, அவர் மிதிக்கிற சத்தம் கேட்டால் என் கை போகும். எவ்வளவு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தாலும் போகும்.

ஒரு நாள் மதியம் மிதியை மிதித்தவர் காலை எடுக்கவே இல்லை.

“இந்தாடி, காலுதான வாசப்படியில படக்கூடாது?”

“அப்படித்தான சொன்னீங்க.”

“வாய் போலாம் இல்ல?”

“வாய் மட்டும் எப்படிப் போவும்? பார்சல் கட்டி அனுப்பறதா?”

“கார்ல போவும். அது வூட்டு வாசல் வரிக்கும் கார் போவும். கால் ரெண்டும் காருக்குள்ளவே இருக்கும். நான் கண்ணாடிய எறக்கி ஒரு கூப்பிடு கூப்பிட்டேன்னா, அது வந்து ஏறிக்கும். வந்துடலாம்.”

“அதுக்கு ஆட்டோவே போதுமே.”

“ஆட்டோல நான் சும்மாதான ஒக்காந்துக்கினு இருப்பேன்? சம்பந்தி வூட்டுக்காரங்க எறங்குங்க எறங்குங்கன்னு கையப் புடிச்சி இழுத்தா இன்னா பண்றது? ஓட்டறவன எவனும் எறங்கச் சொல்லமாட்டான். கால எடுத்தா வண்டி ஓடிப்பூடும் இல்ல?”

அட என்னைப் பெத்த தாயே என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் குறை சொல்லவும் இடமில்லை. சாமிக்கும் கோபம் வராது, மகளுக்கும் குறை இருக்காது. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டேன்.

கார் எங்களிடமே இருந்தது. கொழுந்தனார் மஸ்கட் போகும்போது, லீவில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் தெருவில் விட்டுவிட்டுப் போன பழைய வெள்ளைக் கார். அதன் தலையில் நான் வடாம் காயவைப்பேன். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். இவரை அங்கிள் என்றாள், என்னை ஆன்ட்டி என்றாள், எந்த நேரமும் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே இருந்தாள். கெட்டிக்காரப் பெண். எங்களால் அவளுக்கு எத்தனை தலைவலி வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

காலையில் எங்கள் தெருவில் கார் எடுக்க முடியாது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பாவு விரித்திருப்பார்கள். பட்டு நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துகிற வேலை அது. அதைச் சுருட்டி எடுக்கிறவரை சைக்கிளில்கூட யாரும் வரமாட்டார்கள். கடைசி ஆள் பாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபிறகு இவர் கார்க் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். அதைத் தெருவிலேயே ஜோடியாக விட்டுவிட்டு ஏறினார்.

“அங்கிள், செருப்பு?”

“மிதிமேல செருப்புக் கால வெக்கலாமாம்மா?” என்று அவளைக் கண்டித்தார்.

தறிக்குழியில் செருப்போடு இறங்கமாட்டோம். அந்த மரியாதையைக் காருக்கும் கொடுத்துவிட்டார். அந்த மாதத்தில் காஞ்சிபுரத்தில் எங்கெங்கே நட்ட நடு ரோட்டில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு அநாதையாகக் கிடந்ததோ, அத்தனையும் இவருடையதுதான். பின்னாடியே நடந்து போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலை.

அந்தப் பெண் முதலில் கிளட்சை விளக்கினாள். நான் பின்சீட்டில் இருந்தேன். நான் வராவிட்டால் காரைத் தொடவே மாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டதால் எனக்கும் பாடம்.

“கேளுங்க அங்கிள். உள்ள ரெண்டு தட்டு இருக்குது. ஒண்ணு என்ஜினோட சேந்து சுத்திக்கினே இருக்கும். இன்னொண்ணு சக்கரத்துப் பக்கம், அது சும்மா நிக்கும். கிளட்ச மிதிச்சா ரெண்டும் பிரிஞ்சிடும். கால எடுக்க எடுக்க ஒட்டும். டபக்குனு எடுத்தீங்கன்னா, சுத்தறது போயி நிக்கறத்துமேல மோதும். வண்டி குதிக்கும், இல்லனா ஆஃப் ஆயிடும். மெதுவா எடுத்தா மொதல்ல ரெண்டும் உரசும். உரசி உரசி இதுவும் கூட சுத்த ஆரம்பிக்கும். அந்த உரசற எடத்துல வண்டி லேசா நடுங்கும். அங்க கால அப்படியே நிறுத்தணும். அதான் ஹாஃப் கிளட்ச்.”

“நிறுத்தறதுன்னா?”

“மேலயும் இல்ல, கீழயும் இல்ல. நடுவுல.”

“நடுவுல எல்லாம் கால் நிக்காதும்மா” என்றார் இவர். அடித்துச் சொன்னார்.

அவர் சொன்னது பொய் இல்லை. தறி மிதிக்கு நடு என்று ஒன்று கிடையாது. மிதித்தால் கீழே, விட்டால் மேலே. அதுவும் ஒரு கால் இறங்கினால் இன்னொரு கால் ஏறியே ஆக வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து இவருடைய இரண்டு காலும் ஒரே சமயத்தில் கீழே போனதில்லை. காரை நிறுத்தவோ இரண்டையும் சேர்த்து மிதிக்க வேண்டுமாம். இவர் வலது காலால் பிரேக்கை மிதித்தவுடன், யாரும் சொல்லாமலே இடது கால் கிளட்சை விட்டுவிட்டு மேலே வந்துவிடும். கார் தும்மல் போட்டு ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும். புறப்படும்போதும் அதே கதை. வலது கால் ஆக்சிலேட்டரில் இறங்கினால் இடது கால் டபக்கென்று எழும். முதல் நாள் எங்கள் தெருவைத் தாண்டவே பொழுது போய்விட்டது. ஒவ்வொரு குதிக்கும் தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து பார்த்தார்கள்.

“ஏய், கீழ இரு!” என்று இவர் தன் காலையே அதட்டினார். கால் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். பின்சீட்டிலிருந்து எட்டி, இவர் பிரேக் போடுகிறபோதெல்லாம் இடது முழங்காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். கால் கீழேயே நின்றது. எத்தனையோ வருஷத்துக் கோபம் இருந்தது, தட்டுவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

கியர் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. கொஞ்சம் ரோடு பிடித்துப் போனபிறகு “செகண்ட் போடுங்க அங்கிள்” என்றாள் அந்தப் பெண். இவர் கிளட்சை மிதித்தார். மிதித்த சத்தம் கேட்டது. என் கை இரண்டு சீட்டுக்கும் நடுவில் நுழைந்து போய்க் கியரைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது. சத்தியமாக நான் அனுப்பவில்லை. அது வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக விழுந்தது. இவர் காலை எடுத்தார், கார் குதிக்காமல் ஓடியது. முதல் தடவையாகக் குதிக்காமல் ஓடியது.

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள்.

“இன்னா ஆன்ட்டி பண்றீங்க?”

“அவர் மிதிச்சாரே” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவளும் எவ்வளவோ பாடுபட்டாள். என்னை வீட்டில் விட்டுவிட்டு இவரை மட்டும் அழைத்துப் போனாள். இவர் கிளட்சை மிதித்துக்கொண்டு இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம், ரோட்டைப் பார்க்கவே இல்லையாம். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. “ஆன்ட்டி, நீங்க முன்னாடி வந்து ஒக்காருங்க. எனக்கு உயிர் வேணும்” என்று பின்சீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப்பிறகு நாங்கள் நன்றாகவே ஓட்டினோம். கார்ச் சத்தத்தை வைத்தே எப்போது மிதிப்பார் என்று எனக்குத் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கும் என் பக்கத்தில் இருந்ததால் அதுவும் என் பொறுப்பு. முழங்காலைத் தட்டுவது எப்போதும்போல.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போனோம். ஆபீசர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு என் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் முதல் கியரைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். கார் அழகாகப் புறப்பட்டது. பெருமையாக இருந்தது. கண்ணாடி இறக்கியிருந்ததால் பேசுவதெல்லாம் ஓரத்தில் நின்ற எங்கள் காதில் விழுந்தது.

“செகண்ட் போடுங்க.”

இவர் கிளட்சை மிதித்தார். மிதித்துவிட்டுக் காத்திருந்தார். ஆபீசரும் காத்திருந்தார். கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, எங்களுக்கு நேர் எதிரில் வேப்ப மரத்தடியில் தானாக நின்றுவிட்டது.

“செகண்ட் போடச் சொன்னேனே.”

“நான் மிதிச்சிட்டேன் சார். நீங்கதான் போடணும்.”

“நான் எதுக்குய்யா போடணும்?”

“அந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு இருக்கறவங்கதான் சார் போடுவாங்க” என்றார் இவர், மிகவும் மரியாதையாக.

ஆபீசர் தலையை வெளியே நீட்டி, “யாரும்மா இவருக்குக் கியர் போடறது?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எட்டுப் போட வந்த பையன்கள் எல்லாம் பைக்கிலேயே உருண்டு சிரித்தார்கள். ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். “லைசென்ஸ் ஒரு ஆளுக்குத்தான்மா குடுக்க முடியும். ஒரு கார பாதிப் பாதியா எழுதித்தர எங்ககிட்ட வழி இல்ல” என்று சொல்லி, நன்றாகப் பழகிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

அடுத்த மாதமா? வளைகாப்பு அந்த வாரமே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்தான், “எல் போர்டு இருக்குது இல்ல? லைசென்ஸ் இருக்கறவ நான் கூட வர்றேன், போய்ட்டு வந்துடலாம்” என்றாள். எங்கள்மேல் அவளுக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. இல்லை, முடிவு என்ன ஆகிறது என்று பார்க்க ஆசைப்பட்டாளோ என்னவோ.

மிச்சமிருந்த நாளெல்லாம் இவர் தறியில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினார். “வாம்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்.” வாம்மாவுக்கு ஒரு மிதி, நம்ம வூட்டுக்கு ஒரு மிதி, போலாமுக்கு ஒரு மிதி. நானும் ஒவ்வொன்றுக்கும் நாடா தள்ளினேன். அந்தப் புடவையை எந்தப் புண்ணியவதி கட்டிக்கொண்டிருக்கிறாளோ.

அன்றைக்குக் காலை புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் எல்லாம் தூக்குகளில் அடைத்து டிக்கியில் வைத்தேன். லைசென்ஸ் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து முறுக்குத் தின்ன ஆரம்பித்தது. தெருவில் பாவு சுருட்டியதும் கிளம்பினோம். இரண்டு தெரு தாண்டித் திரும்பினால், எதிரே சாமி.

காஞ்சிபுரத்தில் சாமி வெளியே வராத நாள் எது? ஒரு சின்னக் கோயில் உற்சவர், பல்லக்கில், மேளத்தோடு போய்க்கொண்டிருந்தார். தெரு அகலத்துக்கும் பல்லக்கு. முந்திக்கொண்டு போக வழியும் இல்லை, போனால் பாவம் வேறு. பின்னால் திரும்பலாம் என்றால் எங்களுக்குப் பின்னால் ஆட்டோ வரிசை. சாமி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று தேங்காய், கற்பூரம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஆடி அசைந்து நகர்ந்தார். நாங்களும் பின்னாடியே.

அங்கேதான் இவருக்கு ஹாஃப் கிளட்ச் வந்தது. முழுதாக விட்டால் பல்லக்குத் தூக்குகிறவர் முதுகில் இடிப்போம், முழுதாக மிதித்தால் வண்டி நின்று பின்னால் ஆட்டோக்காரன் கத்துவான். காலுக்கு வேறு வழியே இல்லை. நடுவில் நின்றது. சாமி ஓர் அடி போனால் கார் ஓர் அடி போயிற்று. “நிக்குதுடி! நடுவுல நிக்குதுடி!” என்று இவர் கத்தினார். பின்சீட்டில் லைசென்ஸ் கை தட்டியது.

கொஞ்ச நேரத்தில் எங்கள் காரும் புறப்பாட்டில் ஒன்று என்று தெருக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஓர் அம்மாள் வந்து எல் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி பானெட்டில் மாலை போட்டாள். ஜன்னல் வழியாகச் சுண்டல் வந்தது, விபூதி வந்தது. கிளட்ச் தேய்ந்து தேய்ந்து காரிலிருந்து ஒரு கருகல் நாற்றம் கிளம்பியது. மேளக்காரர் திரும்பி மூக்கை உறிஞ்சி, “இன்னாப்பா, சாம்பிராணி ஒரு மாதிரி இருக்குது?” என்று குருக்களைக் கேட்டார். நான் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு குனிந்துகொண்டேன்.

வளையல் போடுகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மகளிடமிருந்து போன் வந்தது. “அப்பா கிளம்பினாரா இல்லயா? உண்மைய சொல்லு.” சாமிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம் என்றேன். அவள் நம்பவில்லை. “சரிம்மா, பரவால்ல வுடு” என்று வைத்துவிட்டாள். அந்தப் பரவால்ல இருக்கிறதே, அது இனி வரமாட்டேன் என்று சொன்னதற்குச் சமம். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், இவருக்கும் கேட்டது. காது சிவந்துபோயிற்று.

ஒருவழியாகச் சாமி கோயில் பக்கம் திரும்பினார். நாங்கள் செவிலிமேடு போய்ச் சேர்ந்தபோது மாலை போட்ட எங்கள் காரைப் பார்த்துத் தெருவே ஒதுங்கி வழிவிட்டது. மகள் இருப்பது புது வீடு. தெருவைவிட உயரத்தில் கட்டி, கேட்டுக்கு முன்னால் சிமெண்ட் சரிவு போட்டிருந்தார்கள். இவர் காரைச் சரிவில் ஏற்றினார். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டியதாயிற்று. பிரேக்குக்குக் காலை மாற்றினால் பின்னால் உருண்டு எதிர்ச் சாக்கடையில் விழுவோம் என்று பயந்து, இவர் காலை நடுவிலேயே வைத்துக்கொண்டார். கார் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் ஊரே கேட்கிற மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. எனக்கு இவர் முழங்காலைத் தட்டக்கூடத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் வளையல், கன்னமெல்லாம் சந்தனம், வயிறு அவளுக்கு முன்னால் வந்தது. கேட்டைத் திறந்துகொண்டு இவர் ஜன்னலுக்கு எதிரில் வந்து நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான். இவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னாப்பா? கேக்கல!”

மறுபடியும் வாயைத் திறந்தார். இந்தத் தடவை உதடுகூட அசையவில்லை. மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். “எறங்குங்க மாமா, உள்ள வாங்க” என்றார் மாப்பிள்ளை. “அவரால எறங்க முடியாது தம்பி, கால் வேலையா இருக்குது” என்று நான் சத்தம் போட்டுச் சொன்னேன்.

“ஆன்ட்டி, ஹேண்ட்பிரேக்க இழுங்க! கிளட்ச் எரிஞ்சிடும்!” என்று பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள்.

ஹேண்ட்பிரேக்கில்தான் என் கை இருந்தது. இழுக்க மனசு வரவில்லை. இழுத்துவிட்டால் இவர் காருக்குள் உட்கார்ந்திருக்கக் காரணமே இல்லாமல் போய்விடும். இழுக்காவிட்டால் இவர் கூப்பிடுவது எந்தக் காலத்திலும் அவள் காதில் விழாது. ஏகாம்பரநாதா, நீயே பார்த்துக்கொள் என்று இழுத்தேன். இவர் மடிமேல் குனிந்து சாவியையும் திருப்பி என்ஜினை நிறுத்தினேன்.

சத்தம் நின்றது இவருக்கு உறைக்கவில்லை. என்ஜினை மீறிக் கேட்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“வாம்மா! நம்ம வூட்டுக்குப் போலாம் வாம்மா!”

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். மகள் சிரிக்கவில்லை. காரில் வந்து ஏறவும் இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து இவர் காலைப் பார்த்தாள். இடது கால் இன்னும் கிளட்சை விடாமல் மிதித்துக்கொண்டு, தொடை வரைக்கும் உதறிக்கொண்டிருந்தது.

“வண்டி ஆஃப் ஆயிடுச்சிப்பா. கால எடு.”

“எடுக்கமாட்டேன்.”

“எங்கயும் ஓடிப்போவாதுப்பா. எடு.”

“எடுத்தா கீழ வெக்கணும் இல்லம்மா” என்றார். “கற்பூரம் அணைச்சிட்டேன்மா.”

அவள் கார்க் கதவைத் திறந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மெதுவாக அந்தச் சிமெண்ட் சரிவிலேயே உட்கார்ந்தாள். பதறிக்கொண்டு ஓடிவந்த மாப்பிள்ளையைக் கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே கையை விட்டு, இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்து மிதியிலிருந்து எடுத்தாள்.

“கீழ வெக்காத. என் மடியில வெய்யி.”

அந்த வயிற்றுக்கு முன்னால் மடி என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இருந்த இடத்தில் காலை வைத்துக்கொண்டு, மரத்துப்போன ஆடுசதையை நீவிவிட்டாள். இவர் ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நெற்றி பட்டு ஹாரன் அலறியது. அவர் அழுது முடிக்கிறவரைக்கும் அலறிக்கொண்டே இருந்தது. யாரும் அவர் தலையைத் தூக்கிவிடவில்லை.